பொத்தான் வைத்த ஜன்னல்

ஜன்னல் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மரச்சட்டமும் இரும்புக் கம்பியும் வைத்த ஜன்னல்தான். என் கதைகளில் எத்தனையோ பெண்களை அதன் அருகில் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேன். மழை பெய்தால் ஒரு விதமாகவும், தபால்காரன் வந்தால் வேறு விதமாகவும் அவர்கள் அதன் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தாறாவது வயதில் நானே ஒரு ஜன்னலைச் செய்ய வேண்டி வரும், அதில் ஐந்து பொத்தான்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் தூக்கம் கெட்டுப் போகும் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் காசு கொடுக்காமல் அனுப்பியிருப்பேன்.

நான் சொல்வது கம்ப்யூட்டர் ஜன்னல். விஷயம் இப்படி ஆரம்பித்தது.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 2023-ம் வருஷம் ஆடி மாதத்தில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. ஆகவே வலது கையும் வலது காலும் சோர்ந்து போயின. அதோடு பேச்சும் போய்விட்டது. பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடமும் அந்த இடது பக்கம்தானாம். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. பத்திரிகையில் தலைப்பை விரல் வைத்துப் படித்தார். ஆனால் வாயைத் திறந்தால் “த... த...” என்ற ஒரே சப்தம்தான் வரும். அது தண்ணீரா, தலைவலியா, தலையணையா என்று சித்தி ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் அவர் கண்களை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

அவர் சாமானிய மனிதர் அல்ல. கும்பகோணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் 1963 முதல் 1998 வரையில், 35 வருஷம், கம்பாஸிடராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோயில் நோட்டீஸ் வரையில் அவர் கோத்த எழுத்துக்களை ஊரே படித்திருக்கிறது. எத்தனையோ பேருடைய சொற்களை வரிசையில் நிறுத்திய மனிதருக்கு இப்போது ஒரு சொல்கூட வசப்படவில்லை.

என் அக்காள் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். “மாமா, தாத்தாவுக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு? அந்த வீட்டிலே விரலால் தொடுகிற லாப்டாப் ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு? ஒரு ஜன்னல் பண்ணிடலாம். தண்ணீர், வலி, இப்படி நாலு பொத்தான். தொட்டால் மணி அடிக்கும். சொல் பெரிசாத் தெரியும்” என்றான். இந்த மாதிரி சௌகரியங்கள் கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனால் ரெடிமேட் சட்டையைப் போல் எங்கேயோ பிடிக்கும், எங்கேயோ தொளதொளக்கும். நாமே செய்வோம் என்று எனக்கு ஒரு வீம்பு. பையனுக்குப் பரீட்சை. ஆகையால் வேலை என் தலையில் விழுந்தது. அவன் ஜாவா என்ற கம்ப்யூட்டர் பாஷையையும், அதில் ஸ்விங் என்ற பகுதியையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு மருமகன் வாத்தியார்.

இந்த ஜன்னல் வித்தையின் பூர்வோத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஸெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1973-ல் ஆல்டோ என்று ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். சுட்டெலியை நகர்த்தித் திரையில் உள்ளதைத் தொடுகிற பழக்கம் அதில் வளர்ந்தது. 1981-ல் அதே கம்பெனி ஸ்டார் என்ற இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டு வந்தது. 1984-ல் ஆப்பிள் கம்பெனியின் மக்கின்டாஷ் வந்த பிறகு ஜன்னலும் பொத்தானும் சாமானிய ஜனங்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஜாவா பாஷை 1995-ல் ஸன் கம்பெனி வெளியிட்டது. ஸ்விங் அதோடு சேர்ந்தது 1998 கடைசியில். சித்தப்பா அச்சுக்கூடத்தை விட்டு வீட்டுக்கு வந்த அதே வருஷம். இதில் ஒரு விசேஷமும் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இப்படித் தேதிகளை முடிச்சுப் போட்டுப் பார்க்கிற துர்ப்புத்தி உண்டு.

ஸ்விங்கில் ஜன்னலுக்கு ஜேஃப்ரேம் என்று பெயர். அதற்குள் பலகை மாதிரி விரிக்கிற சாமானுக்கு ஜேபேனல். பொத்தான், ஜேபட்டன். “சட்டம், பலகை, பொத்தான். அவ்வளவுதான் மாமா” என்று சொல்லிவிட்டுப் பையன் படிக்கப் போய்விட்டான்.

நான் ஒரு சட்டம் செய்தேன். அதில் ‘தண்ணீர்’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்தேன். பிறகு ‘வலி’ என்று இன்னொன்றைச் சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தால் ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு ‘வலி’ மட்டும் நிற்கிறது! தண்ணீரைக் காணோம். எழுதினதைப் பத்துத் தரம் படித்தேன். தண்ணீர் இருக்கிறது. ஓட்டினால் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பையனை எழுப்பினேன்.

“இடம் சொல்லாமல் சேர்த்தீங்களா? சொல்லாட்டி நடுவிலேதான் போடும். நடுவிலே ஒருத்தருக்குத்தான் இடம். கடைசியா வந்தவர் உட்கார்ந்துக்குவார்.”

“அப்போ முதலில் வந்தது?”

“அதுவும் ஜன்னலுக்குள்ளேதான் இருக்கு. அளவு மட்டும் பூஜ்யம்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான்.

அந்தப் பதிலை நான் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது, அளவு பூஜ்யம். கூட்டுக் குடும்பத்தில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்!

ஜேஃப்ரேம் தானாகக் கைக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பார்டர்லேஅவுட் என்று பெயர். ஜன்னலை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்தாகப் பிரிக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் இருப்பவர்களுக்கு அவர்கள் கேட்கிற உயரம் கிடைக்கும். அகலம் மட்டும் ஜன்னலின் முழு அகலம். கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்குக் கேட்ட அகலம் கிடைக்கும். உயரம் மிச்சமுள்ளது முழுதும். இவர்கள் நால்வரும் எடுத்துக்கொண்டது போக மீந்தது நடுவுக்கு. ஜன்னலைப் பெரிதாக இழுத்தால் நடு கொழுக்கும். சுருக்கினால் முதலில் இளைப்பதும் நடுதான். ஜேபேனலுக்கு வேறு சுபாவம். அதில் ஃப்ளோலேஅவுட் என்ற ஏற்பாடு. பந்தியில் உட்காருவது போல் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்து, வரிசை நிரம்பினால் அடுத்த வரிசைக்குப் போவார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் யாருக்கு வேண்டும், நானே அளந்து வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்கும் வழி உண்டு. ஏற்பாடே வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஒவ்வொரு பொத்தானுக்கும் இடத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி, அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று நாமே சொல்லிவிடலாம். இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தேன். என் கம்ப்யூட்டரில் ஐந்து பொத்தான்களும் லட்சணமாக இருந்தன. தண்ணீர், பாத்ரூம், வலி, விசிறி, சித்தி. கும்பகோணத்துக்கு எடுத்துப் போய் அந்த லாப்டாப்பில் ஓட்டினேன். ‘தண்ணீர்’ என்பது ‘தண்’ என்று நின்று, பக்கத்தில் மூன்று புள்ளி வைத்திருந்தது. ‘பாத்ரூம்’ ‘பாத்’ ஆகிவிட்டது. அங்கே இருந்த எழுத்துரு வேறு. கொஞ்சம் அகலம் அதிகம். பொத்தானுக்குள் சொல் அடங்காவிட்டால் ஸ்விங் சொல்லை வெட்டிப் புள்ளி வைத்துவிடும். பேச்சுப் பாதியில் நின்றுவிட்ட மனிதருக்குப் பாதியில் நிற்கிற சொற்களைக் கொண்டு போய்க் கொடுத்தேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். புரூஃப் திருத்தாத பக்கத்தைக் கண்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அப்புறம்தான் அந்த ஏற்பாடுகளின் நியாயம் புரிந்தது. ஜாவாவில் எழுதினது எந்த இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்பது சங்கல்பம். ஓர் இயந்திரத்தில் எழுத்து பெரிது, இன்னொன்றில் சிறிது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்குகிற சொல் தமிழில் அகலமாக விரியும். ஆகவே பொத்தானை இத்தனாவது புள்ளியில் வை என்று ஆணி அடிக்காமல், “உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?” என்று ஒவ்வொரு பொத்தானையும் கேட்டுவிட்டு, பிறகு ஜன்னலைப் பங்கு போடுகிறார்கள். கேட்டுச் செய்கிற பங்கு. நான் கேட்காமல் செய்தேன்.

மறுபடியும் ஐந்து திசைக்கே திரும்பினேன். இடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் இருக்கட்டும் என்று, ஒரே பொத்தானை இரண்டு பலகையில் சேர்த்தேன். முதல் பலகையிலிருந்து அது மறைந்து போயிற்று. ஒரு பொத்தானுக்கு ஒரே வீடுதான். இரண்டாவது வீட்டில் சேர்த்தால் முதல் வீட்டிலிருந்து பெயர் அடித்துவிடுவார்கள், ரேஷன் கார்டைப் போல.

கடைசியில் நடுவில் பெரிதாகத் தண்ணீர், மேற்கே வலி, கிழக்கே சித்தி, வடக்கே விசிறி, தெற்கே பாத்ரூம் என்று வைத்தேன். சொற்கள் முழுசாகத் தெரிந்தன. சித்தப்பா இடது கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். மணி அடித்தது. சித்தி செம்போடு ஓடி வந்தாள். எனக்குப் புத்தகம் அச்சாகி வந்த நாளில்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. வெற்றியோடு ஊர் திரும்பினேன்.

நான்காவது நாள் சித்தியிடமிருந்து போன் வந்தது. பின்னிரவு இரண்டு மணிக்கு மணி அடித்திருக்கிறது. எழுந்து பார்த்தால் திரை முழுதும் ‘வலி’. சித்தி பதறிப் போய்ப் பக்கத்து வீட்டாரை எழுப்பி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாள். வழி நெடுக அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாராம். இவள் அதையும் வலி என்றே எடுத்துக்கொண்டாள். விடிந்து வீடு திரும்பின பிறகுதான் தெரிந்தது: அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீர். கை நடுங்கி, ஒட்டிக்கொண்டிருந்த அடுத்த பொத்தானில் விரல் பட்டுவிட்டது. “அதுக்கப்புறம் அதைத் தொடவே மாட்டேங்கிறார். லாப்டாப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார். நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. எடுத்துண்டு போயிடு” என்றாள்.

மறுநாள் காலையில் கும்பகோணத்தில் இறங்கினேன். எடுத்துப் போகத்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிலுக்கு அருகில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை கிடந்தது. கெட்டி அட்டை. சும்மா இருக்க மாட்டாத கையால் அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஐந்து துண்டின் பின்புறத்தில் ஐந்து சொற்களையும் எழுதினேன். ஒரு தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டி, “சித்தப்பா, நீங்களே வையுங்கோ. எது எங்கே இருக்கணும்?” என்றேன்.

அவர் சிறிது நேரம் தொடவில்லை. பிறகு இடது கை வந்தது.

இந்த இடத்தில் அச்சுக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனாக நான் அங்கே போய் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ‘கேஸ்’ என்பது பல அறைகள் கொண்ட மரத்தட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்து. அடிக்கடி வேண்டிய எழுத்துக்கள் கைக்கு எதிரே பெரிய அறைகளில் இருக்கும். எப்போதாவது வருகிறவை தூர மூலையில். அவர் கேஸைப் பார்க்க மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானே போய் எழுத்தை எடுத்து வரும். 1978-ல் சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து, கொம்பு சுழித்த பழைய லை, னை எல்லாம் போனபோது, காலியான அறைகளுக்கு வெகு நாள் வரை தன் கை போய்த் திரும்பி வந்ததாகச் சொல்லுவார். பால் பிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1954-ல் ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறார். தொட வேண்டிய பொருள் எவ்வளவு கிட்டத்திலும் எவ்வளவு பெரிதாகவும் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கை அதைப் போய்ச் சேரும் என்பது அதன் சாரம். திரையில் பொத்தான் வைக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் பாராயணம் செய்கிறார்கள். கம்பாஸிடர்களிடம் கேட்டிருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

எழுத்துக்களைக் கோத்து முடித்ததும் பக்கத்தை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் வைப்பார்கள். சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கி, ஆப்பு வைத்து இறுக்குவார்கள். இறுகாவிட்டால் தூக்கும்போது எழுத்தெல்லாம் கொட்டிப் போகும். வரியில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடம் உண்மையில் வெறும் இடமல்ல. அங்கேயும் ஈயத் துண்டு நிற்கிறது. எழுத்தைவிட உயரம் குறைவாக இருப்பதால் மை படாது, அவ்வளவுதான். பெரிய துண்டுகளைக் குவாட் என்பார்கள்.

சித்தப்பா ‘பாத்ரூம்’ துண்டை எடுத்துத் தாம்பாளத்தின் இடது கீழ் மூலையில், தன் கைக்கு வெகு கிட்டத்தில் வைத்தார். தண்ணீரை இடது மேல் மூலையில் வைத்தார். ‘வலி’யை எடுத்து, சிரமப்பட்டுக் கையை நீட்டி, வலது மேல் மூலைக்குத் தள்ளினார். வேண்டுமென்று எட்டினாலொழிய அங்கே விரல் போகாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு ‘விசிறி’யை எடுத்தார். அதைக் குப்புறக் கவிழ்த்து, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி, தண்ணீருக்கும் வலிக்கும் நடுவில் வைத்தார்.

விசிறி வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து நான் அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். “த!” என்று ஓர் அதட்டல். என் கையிலிருந்து அதைப் பிடுங்கி மறுபடியும் அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். விரலால் அதை இரண்டு தரம் தட்டினார். நான் விழித்தேன். மறுபடியும் தட்டினார்.

“குவாட்டா சித்தப்பா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். வியாதிக்குப் பிறகு முதல் முறையாக அந்த முகத்தில் பழைய மனிதர் தெரிந்தார்.

பத்திரிகையில் மிச்சம் இருந்ததையெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். ஒன்பது அறை. நான்கு மூலையிலும் சொற்கள். விசிறி வலது கீழ் மூலைக்குப் போயிற்று. ஒவ்வொரு இரண்டு மூலைக்கும் நடுவில் ஒரு குவாட். நடு அறை மட்டும் காலி. கையில் மீந்தது ‘சித்தி’. அந்தத் துண்டை அவர் வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். என் பக்கமே தள்ளிவிட்டார். நான் மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளினார். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

ஐம்பது வருஷ தாம்பத்தியத்தில் நான் நுழையக்கூடாத ஏதோ இடத்தில் நுழைந்துவிட்டேன் என்று பட்டது. திண்ணைக்குப் போய் லாப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரே அளவான அறைகளுக்கு கிரிட்லேஅவுட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூன்று வரிசை, மூன்று பத்தி என்று சொல்லிவிட்டு, சாமான்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது அறையைத் தாண்டி மூன்றாவதில் வை என்று அதனிடம் சொல்ல முடியாது. தாண்டத் தெரியாது அதற்கு. காலி இடம் வேண்டுமானால், எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சீட்டைச் செய்து அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். நான் நான்கு வெற்றுச் சீட்டுகள் சேர்த்தேன். அறைகளுக்கு நடுவில் கொஞ்சம் சந்து விடவும் அதில் வசதி உண்டு, அதையும் விட்டேன். பையன் போனில் இன்னொரு யோசனை சொன்னான். ஜன்னல் தலையில் இருக்கிற பெருக்கல் குறியில் தவறிப் பட்டால் ஜன்னல் மறைந்துவிடும், உள்ளே நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே தலைப்பட்டையையே எடுத்துவிடுங்கள் என்றான். எடுத்தேன்.

நடு அறைக்கு வந்தபோது கை நின்றது.

சித்தி காப்பி கொண்டு வந்து வைத்தாள். “ஏன் சித்தி, உங்க மேலே கோபமா அவருக்கு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“கோபம் என்ன கோபம்? நீ எழுதியிருக்கிற அழகுக்கு அவர் அதை வாங்கிப்பாரா? நான் உனக்குச் சித்தி. அவருக்குமா சித்தி?”

நான் வாயடைத்துப் போனேன். பாத்திரங்களின் பேச்சை அவரவர் வாய்ப்படி எழுதுகிறேன் என்று விமரிசகர்கள் இரண்டு மூன்று பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் அதை நம்பியும் இருக்கிறேன்.

“பின்னே அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

சித்தி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என்னத்தைக் கூப்பிடறது? கல்யாணம் ஆன நாளிலேருந்து ‘இந்தா’ன்னுதான்” என்று சொல்லிவிட்டு விடுவிடென்று உள்ளே போனாள்.

நடு அறையில் ‘இந்தா’ என்று எழுதி, சித்தப்பாவின் மடிக்குப் பக்கத்தில் லாப்டாப்பைக் கொண்டு போய் வைத்தேன். அவர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெற்றுச் சீட்டு ஒன்றில் விரலை வைத்து அழுத்தினார். மணி அடிக்கவில்லை. திருப்தியாகத் தலையை அசைத்தார். பிறகு நடுவுக்கு வந்தார். அங்கே வெகு நேரம் நின்றார். நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

மணி அடித்தது. சமையலறையில் தண்ணீர்ச் சப்தம் நின்றது.

“வரேன், வரேன்.”

மறுபடியும் மணி அடித்தது.

“வரேன்னு சொன்னேனே, காதிலே விழலையா? ஒரு தரம் அடிச்சாப் போறாதா?”

மறுபடியும் அடித்தது.